போர்டு போச்சு, பிராசஸர் பிழைச்சது!

திருவொற்றியூர் தேரடிப் பக்கமோ ராயபுரத்திலோ எண்ணூரிலோ, கணினி பழுதுபார்க்கும் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். “போர்டு போச்சு” என்ற பேச்சு காதில் விழும். “எஸ்எம்பிஎஸ் போச்சு”, “ரேம் ஸ்லாட் போச்சு” என்றும் சொல்வார்கள். “பிராசஸர் போச்சு” என்று யாராவது சொல்வது அபூர்வம்.

இது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கும் விஷயம். கணினியின் மூளையான பிராசஸருக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு கட்டைவிரல் நகத்தின் அளவுதான். 1971-ல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற பிராசஸரில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2017-ல் ஏஎம்டி வெளியிட்ட முதல் தலைமுறை ரைசன் சில்லில் 480 கோடி! போர்டு என்று சொல்லப்படும் மதர்போர்டில் இருப்பவையோ அதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான உறுப்புகள். பெரும்பாலானவற்றைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம். 480 கோடி உறுப்புகள் கொண்டது பிழைத்துக்கொள்கிறது, சொற்பம் கொண்டது செத்துப்போகிறது. எப்படி?

விடை நம் ஊர்க் காற்றிலேயே இருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அலை பாறையில் மோதும்போது நுண்ணிய நீர்த்துளிகள் சிதறிக் காற்றில் கலக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. துளியில் உள்ள நீர் ஆவியானதும் உப்பு மட்டும் தூசியாக மிதந்து வீடுகளுக்குள் வருகிறது. கணினிப் பெட்டியின் ஃபேன் அந்தக் காற்றையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. உப்புத் தூசி மதர்போர்டின் மேல் படிகிறது.

படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடி கசிந்து நிற்பதற்கு இதுதான் காரணம். சென்னையில் அதிகாலை நேரத்தில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக, யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே போர்டின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உண்டாகிவிடுகிறது. உப்புநீரில் மின்சாரம் பாயும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பின்களுக்கு நடுவே, இருக்கவே கூடாத ஒரு பாதை திறந்துகொள்கிறது.

அந்தப் பாதையில் மின்சாரம் பாயும்போது நேர்மின் பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்மின் பக்கம் நகர்கிறது. உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து பச்சை நிறப் பொருளாகிறது. பழைய மதர்போர்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின்னல் பின்னலாக ஓடும் செம்புக் கோடுகளில் சில இடங்களில் பாசி பிடித்தாற்போலப் பச்சைப் பூப்பு தெரியும். அந்த இடத்தில் கோடு அறுந்துபோயிருக்கவும் கூடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். செம்புக் கம்பித் துண்டுகள் இரண்டு எடுங்கள். ஒன்றைச் சாதாரணத் தண்ணீரிலும் இன்னொன்றை உப்புத் தண்ணீரிலும் நனைத்து, இரண்டையும் தனித்தனித் தட்டில் திறந்து வையுங்கள். தினமும் ஒருமுறை நனையுங்கள். எது முதலில் நிறம் மாறுகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள். மின் இணைப்பு எதுவும் கொடுக்க வேண்டாம், காற்றும் உப்பும் போதும்.

காற்றிலேயே இப்படியென்றால் வெள்ளம் வந்தால் என்ன ஆகும்? 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரில் எண்ணெய்க் கசடும் கலந்திருந்தது. அப்படி நனைந்த கணினிக்குள் நடப்பதைக் கவனியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், மின்சாரம் இல்லை என்று நினைப்போம். ஆனால் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமான பேட்டரி ஒன்று உண்டு. சிமாஸ் பேட்டரி என்பார்கள். சிஆர்2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓட 3 வோல்ட் கொடுப்பது அதுதான். வெள்ளத்தில் மூழ்கிய போர்டிலும் அது கொடுத்துக்கொண்டே இருக்கும். அரிப்பும் நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான், நனைந்த கணினி கைக்கு வந்ததும் விவரம் தெரிந்தவர்கள் மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதல் வேலையாக அந்தப் பேட்டரியைக் கழற்றுகிறார்கள்.

இதே தண்ணீரில் பிராசஸரும்தான் நனைந்தது. அது எப்படித் தப்பித்தது? சிலிக்கான் சில்லு வெளிக்காற்றையே பார்ப்பதில்லை. அதன் மேல் நிக்கல் பூசிய செம்பு மூடி. கீழே பல அடுக்குப் பலகை. இரண்டுக்கும் நடுவில் சில்லு அடைபட்டிருக்கிறது. வெளியே தெரிவது அடிப்பக்கத்துத் தொடுபுள்ளிகள் மட்டும்தான். அவற்றின் மேல் தங்க முலாம். மிக மெல்லிய பூச்சுதான் என்றாலும் தங்கம் துருப்பிடிக்காது, உப்பு அதை எளிதில் அண்டாது. மதர்போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்து உப்பிப்போகும். பற்றவைத்த இடங்கள் விரிசல் விடும். பிராசஸரில் அந்த வகைத் தொல்லைகள் மிகக் குறைவு. எல்லாப் பிராசஸரும் பிழைத்துவிடும் என்று சொல்லவில்லை. சிலவற்றின் அடிப்பக்கத்தில் குட்டிக் குட்டிக் கெப்பாசிட்டர்கள் உண்டு, அவை அரிக்கப்பட்டால் கஷ்டம்தான். ஆனாலும், சோதித்துப் பார்க்காமல் தூக்கி எறியக் கூடாத பொருள் அது.

சரி, பிராசஸர் பிழைத்துவிட்டது. புதிய போர்டு ஒன்று வாங்கி அதில் வைத்துவிடலாமா?

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. நம் பக்கத்துச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். சென்னைத் துறைமுகத்தில் 1983-லேயே கன்டெய்னர் முனையம் வந்துவிட்டது. கன்டெய்னர் எந்த நாட்டில் செய்யப்பட்டதாக இருந்தாலும் அகலம் 8 அடி, நீளம் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி. எட்டு மூலையிலும் ஒரே அளவு ஓட்டை போட்ட இரும்புக் கட்டைகள். சீனாவில் ஏற்றிய பெட்டி எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தின் கிரேனிலும் மாட்டும், திருவள்ளூர்க்காரர் லாரியிலும் பூட்டும். பிராசஸருக்கு அப்படி உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஒரே அளவு கிடையாது. 1990-களில் ‘சாக்கெட் 7’ என்று ஒன்று இருந்தது. இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் என்ற மூன்று நிறுவனங்களின் பிராசஸர்களும் அந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்தன. பிறகு ஒவ்வொருவரும் தனித்தனி வழி போய்விட்டார்கள். வாங்குகிறவர்களுக்கு அது நல்லதாக அமையவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

எர்ணாவூரில் இருந்து ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, வெள்ளத்தில் போன வீட்டுக் கணினியோடு கடைக்கு வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கார அக்கா பிராசஸரைக் கழற்றி அவள் முன்னால் வைக்கிறார்.

“அக்கா, இத எந்த போர்டுல வேணா வைக்கலாமா?”

“வைக்க முடியாது பாப்பா. மேல இன்னா எழுதியிருக்குன்னு படி.”

“ஐ5-6500.”

“கோடுக்கு அப்புறம் வர்ற மொத நம்பர் இன்னா? ஆறு. அப்ப இது ஆறாவது ஜெனரேஷன். இதுக்கு 1151 சாக்கெட்டு வேணும்.”

“1151-னா?”

“எத்தினி புள்ளி தொடணுமோ அத்தினி. வேணும்னா உக்காந்து எண்ணிக்கோ!”

அக்கா சொன்னது உண்மை. மூன்றேமுக்கால் சென்டிமீட்டர் சதுரத்துக்குள் 1,151 தொடுபுள்ளிகள். இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கு 1155. நான்காம் தலைமுறைக்கு 1150. ஐந்து புள்ளிதானே வித்தியாசம் என்று மாட்டிவிட முடியாது. பிராசஸரின் ஓரத்தில் இரண்டு சிறு வெட்டுகள் இருக்கும். சாக்கெட்டில் அதற்கு நேராக இரண்டு மேடுகள் இருக்கும். தலைமுறை மாறியதும் அவற்றின் இடத்தையும் மாற்றிவிட்டார்கள். தவறான இருக்கையில் அது உட்காரவே உட்காராது.

ஆனால் உட்கார்ந்துவிட்டாலே வேலை செய்யும் என்றும் சொல்ல முடியாது. 2017 கடைசியில் எட்டாம் தலைமுறை வந்தபோது அதற்கும் 1151 புள்ளிகள்தான். பார்வைக்கு அதே இருக்கை. ஆனால் முன்பு சும்மா விட்டிருந்த சில புள்ளிகளை மின்சாரம் கொடுக்க எடுத்துக்கொண்டார்கள். எனவே நம் பெண்ணின் ஆறாம் தலைமுறைப் பிராசஸர், எட்டாம் தலைமுறைக்காகச் செய்த எச்310 போர்டில் அழகாக உட்காரும், ஓடாது. அவளுக்கு வேண்டியது எச்110, பி150, பி250 போன்ற போர்டு.

மின்சாரத்துக்கு எதற்கு அத்தனை புள்ளிகள்? ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஐ5-6500 வேகமாக வேலை செய்யும்போது சுமார் 65 வாட் எடுக்கும். ஒரு சின்ன குண்டு பல்பு அளவுதான். ஆனால் அது கேட்கும் மின்னழுத்தம் மிகக் குறைவு. 1.3 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 65 ÷ 1.3 = 50 ஆம்பியர்! உங்கள் வீட்டு 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் எடுப்பது 4 ஆம்பியருக்குச் சற்று அதிகம். அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் அந்தச் சதுர வில்லைக்குள் போய் வருகிறது. ஒரே பின்னில் அனுப்பினால் மயிரிழை போன்ற அந்தப் பின் உருகிவிடும். அதனால் நூற்றுக்கணக்கான பின்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தை வாங்கி எஸ்எம்பிஎஸ் பெட்டி அனுப்பும் 12 வோல்ட்டை 1.3 வோல்ட் ஆக்கித் தருவது, சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் சுருள்களும் கெப்பாசிட்டர்களும் அடங்கிய சுற்றுதான். போர்டில் அதிகம் சூடாகும் இடங்களில் ஒன்று அது.

இருக்கை சரி, மின்சாரமும் சரி. இன்னும் ஒன்று பாக்கி. சுவிட்சைப் போட்டதும் பிராசஸருக்கு எதுவும் தெரியாது. விசைப்பலகை எது, ஹார்ட் டிஸ்க் எது, ரேம் எவ்வளவு என்று ஒன்றும் தெரியாது. முதல் கட்டளையை எந்த முகவரியில் போய்ப் படிக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குள் பதிந்திருக்கும். 1978-ல் வந்த இன்டெல் 8086 அணுகக்கூடிய நினைவகம் மொத்தம் 1 எம்பி. அதன் உச்சியில் இருக்கும் கடைசி 16 பைட்டுகளில்தான் அது கண் விழிக்கும். அங்கே காத்திருக்கும் நிரல்தான் பயாஸ். மதர்போர்டில் எட்டுக் கால் கொண்ட ஒரு சிறு சில்லுக்குள் அது எழுதப்பட்டிருக்கும். பயாஸ் எழுதியவர்கள் எந்தெந்தப் பிராசஸரை அறிந்திருந்தார்களோ, அவற்றைத்தான் அந்த போர்டுக்கு அடையாளம் தெரியும். 2015-ல் செய்த எச்110 போர்டில் 2017-ல் வந்த ஏழாம் தலைமுறைப் பிராசஸரை வைத்தால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. “டிஸ்பிளே வரல” என்று போர்டைக் குறை சொல்வார்கள். போர்டு நன்றாகவே இருக்கும். பயாஸைப் புதுப்பித்தால் ஓடிவிடும்.

ஏஎம்டியின் ஏஎம்4 இருக்கை இதற்கு நல்ல உதாரணம். ஒரே இருக்கையில் 2017 முதல் பல தலைமுறை ரைசன்களை உட்கார வைத்தார்கள். அப்போது ஒரு சிக்கல் வந்தது. சில போர்டுகளின் பயாஸ் சில்லில் 16 எம்பி இடம்தான். புதிய பிராசஸர்களின் விவரத்தைச் சேர்க்க இடம் போதாமல், பழைய சிலவற்றின் விவரத்தை நீக்க வேண்டியதாயிற்று! 2022-ல் ஏஎம்5 என்று 1,718 புள்ளிகளோடு வேறு இருக்கைக்கு மாறிவிட்டார்கள்.

இனி கடையில் நடக்கும் கைவேலையைப் பார்ப்போம். அக்கா முதலில் பிராசஸரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறார். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல உதிர்கிறது. பிறகு கணினிப் பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடுகிறார். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காக. சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது நம்மைத் தீண்டுவது நமக்குத் தெரியாது, சில்லுக்கோ அதில் சிறு பங்கே ஆபத்து. நம் ஊர் ஈரக்காற்று இந்த ஒரு விஷயத்தில் நல்லது, நிலைமின்சாரம் அதிகம் சேர விடாது. ஏசி அறையில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

புதிய போர்டின் சாக்கெட்டில் 1,151 வளைந்த பின்கள், காற்றில் சாய்ந்த நாற்றங்கால்போல ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நிற்கின்றன. அக்கா பிராசஸரை இரண்டு ஓரங்களில் மட்டும் பிடிக்கிறார். அதன் ஒரு மூலையில் சின்னத் தங்க முக்கோணம். சாக்கெட்டின் மூலையிலும் அதற்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டையும் ஒரே பக்கம் வைத்து, நேர் செங்குத்தாக இறக்கி, விரலை எடுக்கிறார். அழுத்தவே இல்லை. அழுத்தும் வேலை கொக்கியுடையது. கொக்கியைக் கீழே இறக்கும்போது ‘கிரீச்’ என்று சத்தம் வருகிறது. பெண் பயந்துபோய்ப் பார்க்கிறாள். “பயப்படாத பாப்பா, சரியா உக்காந்தாலும் அந்த சத்தம் வரும்” என்கிறார் அக்கா.

ஏஎம்4 பிராசஸராக இருந்தால் பின்கள் போர்டில் இருக்காது, பிராசஸரின் அடியில் இருக்கும். அங்கே வேறொரு ஆபத்து. காய்ந்த பேஸ்ட் பசைபோல ஒட்டிக்கொண்டு, பிராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட்சிங்கைத் தூக்கும்போது பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பின்கள் வளைந்துவிடும். அதனால் போர்டுக்கு உயிர் இருந்தால் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, மெயினை அணைத்துவிட்டு, ஹீட்சிங்கை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும்.

மூடியின் நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட். அது எதற்கு? பிராசஸர் மூடியும் ஹீட்சிங்கும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்தால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைப்போல 15,000 மடங்கு. பேஸ்ட் செம்புக்கு ஈடாகாது. ஆனால் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். பள்ளத்தை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அதனால் நிறையப் பூசினால் நல்லது என்று நினைக்கக் கூடாது.

புதிய போர்டுக்கு ஏற்ற ரேமையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் நடு வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். பிராசஸரை வேறு போர்டில் மாற்றி வைக்கும் இந்த வழி லேப்டாப்புக்கு ஒத்துவராது. இப்போது வரும் லேப்டாப்புகளில் பிராசஸரைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். போர்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பழைய பிராசஸருக்குப் போர்டு தேடுவதற்கு நேர்மாறான வேலை ஒன்றும் நம் சென்னையில் நடக்கிறது. புத்தம்புதிதாக ஒரு பிராசஸரை உருவாக்கினால் அதற்கு உலகத்தில் எங்குமே போர்டு இருக்காதே! ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ குழு 2020-ல் ‘மௌஷிக்’ என்ற பிராசஸரை உருவாக்கியபோது, அதற்கென்றே ‘ஆர்டோனிக்ஸ்’ என்ற மதர்போர்டையும் வடிவமைத்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து ‘ஐரிஸ்’ என்ற சில்லை அறிவித்தது. விண்வெளிக் கருவிகளுக்கானது அது. வடிவமைப்பு ஐஐடி மெட்ராஸ். சில்லு உருவானது சண்டிகரை ஒட்டிய மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில். அதற்கு உறை போட்டது கர்நாடகத்தில். மதர்போர்டின் பலகை குஜராத்தில். அந்தப் பலகையில் உறுப்புகளைப் பொருத்திப் பற்றவைத்தது மறுபடியும் சென்னையில். கடைசியில் ஐஐடி மெட்ராஸில் அது வெற்றிகரமாகக் கண் விழித்தது. இருக்கை, மின்சாரம், முதல் கட்டளை என்று நாம் பார்த்த அத்தனையையும் அவர்கள் ஒன்றிலிருந்து தொடங்கிச் செய்ய வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஓடாத கணினி மூலையில் கிடந்தால், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து பாருங்கள். சாக்கெட்டின் எண்ணைப் போர்டில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

செத்துப்போன போர்டைக் குப்பையில் போட்டால் அது கொடுங்கையூர்க் கிடங்குக்குத்தான் போகும். பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. செம்புக்காகப் போர்டைத் திறந்தவெளியில் எரித்தால் வரும் புகை நஞ்சு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, கணினி தயாரித்து விற்கும் நிறுவனங்கள் பழைய கருவிகளின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். அனுமதி பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பும் கடை உங்கள் பகுதியில் எது என்று விசாரித்து, போர்டை அங்கே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த வட்டப் பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அதை அவர்கள் கைக்கு எட்டவே விடாதீர்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.